காசு ஒன்று, கடி இரண்டு

அந்தச் சொல் விழுந்தபோது கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: வீட்டுக்குரியவரான ஓய்வுபெற்ற நில அளவையாளர், அவர் மனைவி, மருந்துக்கடை வைத்திருக்கும் அளவையாளரின் தம்பி, மகள், மருமகன், மருமகனின் தாயார், வங்கியில் முப்பது வருடம் காசாளராக இருந்த சம்பந்தி, அதாவது மருமகனின் தகப்பனார். சுவரில் படமாக அளவையாளரின் காலஞ்சென்ற அப்பா. அவரையும் சேர்த்தால் எட்டுப் பேர். அளவையாளர் சேர்த்துத்தான் எண்ணினார்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. தாத்தாவின் காசை மாமியாருக்குக் காட்ட வேண்டும் என்று மகள்தான் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டிலிருந்து அதை எடுத்து வந்தாள். வெள்ளி கலந்து அடித்த காலத்துக் காசு. முழு வட்டமல்ல. ஓரத்தில் யாரோ பிஸ்கட்டைக் கடித்து வைத்ததுபோல ஒரு பிறைத் துண்டு இல்லை.

அந்தக் காசுக்கு அந்த வீட்டில் ஒரு வரலாறு உண்டு. அளவையாளரின் அப்பா நாணயச்சாலையில் முப்பத்தொரு வருடம் வெட்டு எந்திரத்தில் வேலை பார்த்தவர். நீளமான உலோகப் பட்டை உள்ளே போகும். எந்திரம் அதிலிருந்து வட்ட வட்டமாக வில்லைகளை வெட்டித் தள்ளும். அந்த வில்லைகள் பிறகு வேறு கூடத்தில் அச்சு வாங்கிக் காசாகும். ஒருநாள் பட்டை நகர வேண்டிய அளவு நகரவில்லை. முன்பு வெட்டிய ஓட்டையின் ஓரத்திலேயே வெட்டு மறுபடி விழுந்தது. கடிபட்ட வில்லை ஒன்று ஆயிரக்கணக்கான வில்லைகளுக்குள் போய் விழுந்ததை அவர் கண்ணால் பார்த்தார். எந்திரத்தை நிறுத்தி, வேலை நேரம் முடியும்வரை தொட்டியைத் துழாவினார். கிடைக்கவில்லை. பதிவேட்டில் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேற்பார்வையாளர் அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சுருட்டி, “இங்க பிழை நடக்காது, போய் வேலையைப் பாரு” என்றார்.

ஒன்பது வருடம் கழித்துப் பேருந்தில் நடத்துநர் கொடுத்த சில்லறையில் அந்தக் காசு அவர் கைக்கே வந்தது. அதைச் செலவழிக்காமல் தனியே எடுத்து வைத்தார். யார் கேட்டாலும், “இது என் பிசகு. வெளிய போயிடுச்சு, திரும்பி வந்துடுச்சு” என்பார். தன் தவறைக் கண்ணாடிக் கூட்டில் வைத்துப் பாதுகாத்த ஒரு மனிதரின் மகன் என்பதில்தான் அளவையாளருக்கு முதுகு நிமிர்ந்து நின்றது.

இந்த வரலாறு தெரியாத சம்பந்தி காசை வாங்கினார். கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினார்.

“நல்ல கத்தரி. வெட்டினவன் கை நடுங்கல” என்றார். “வெள்ளிக்காசு காலத்துல இது ஒரு தொழில், சம்பந்தி. ஓரத்துல கொஞ்சம் கொஞ்சமா நறுக்கிச் சேர்த்து உருக்கிடுவாங்க. உங்கப்பா காசு அடிக்கிற இடத்துலதானே இருந்தார்? கைக்கு எட்டின தூரம்.”

அளவையாளர் கோபம் வந்தால் கத்துகிறவர் அல்ல. இன்னும் நேராக உட்காருவார். அன்று நாற்காலியின் முதுகே அவருக்குத் தேவைப்படவில்லை.

“சம்பந்தி, நீங்க சொன்னது ஒரு மனுஷனைத் திருடன்னு சொல்ற சொல்லு.”

“அட, விளையாட்டுக்குச் சொன்னேன்.”

“இந்த வீட்டுல எங்கப்பாவை வெச்சு விளையாடுறதில்ல.”

“அண்ணா, விடுங்க” என்றார் மருந்துக்கடைத் தம்பி. “போனவருக்கு இனிமே பதவி உயர்வா நின்னு போகப்போகுது?”

“நீ வாயை மூடு.”

அளவையாளர் அப்பாவின் கதையைச் சொன்னார். கேட்டு முடித்த சம்பந்தியும் லேசில் இறங்குகிற ஆள் இல்லை. “கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா காசு விஷயத்துல என் கண்ணு பொய் சொல்லாது. அதுக்குன்னு ஒரு ஆபீஸ் இருக்கே, அங்க எழுதி வாங்கிட்டு வாங்க. அடிக்கிற இடத்துலயே விழுந்த குறைன்னு அவங்க சொல்லிட்டா, இதே இடத்துல, இதே ஆட்கள் முன்னால மன்னிப்புக் கேக்கறேன்.”

“அதுவரைக்கும் உங்க வாசப்படியை நான் மிதிக்க மாட்டேன்.”

மகள் மாமனாரைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், காசை எடுத்துக் கூட்டில் வைத்து மூடினாள். அவள் அந்த வாசற்படியைத் தினமும் மிதிக்க வேண்டியவள்.

*

நாணயக் குறை நிர்ணயச் சான்றகம், நாணயச்சாலையின் மதிலுக்குள்ளேயே இருந்தது. வெளி வாயிலில் காவலாளி ஒருவர் நீளமான நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்திருந்தார்.

“உள்ள என்ன கொண்டு போறீங்க?”

“ஒரு காசு.”

“காட்டுங்க.” காவலாளி வாங்கி, வெயிலில் பிடித்துப் பார்த்து, எழுதினார்: காசு ஒன்று. கடி ஒன்று. “கோவிச்சுக்காதீங்க சார். நாளைக்கு நான்தான் கடிச்சேன்னு சொல்லிடுவாங்க” என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அந்த வளாகத்தில் ஒரு பொருளைப் பார்த்து, பார்த்ததை அப்படியே எழுதி நிலைக்கவிட்ட இடம் அந்த வாயில் ஒன்றுதான் என்பது அளவையாளருக்கு அப்போது தெரியாது.

உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில் பளிங்கில் பொறித்திருந்தார்கள்: ‘இங்கிருந்து பிழை வெளியேறியதில்லை.’ அப்பா வேலை பார்த்த இடமாயிற்றே என்று அளவையாளருக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. தான் எதற்கு வந்திருக்கிறோம் என்பது அடுத்த கணம்தான் நினைவுக்கு வந்தது.

கூடத்தின் இரு பக்கமும் இரண்டு ஜன்னல்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. இடப்பக்கம் ‘வாயிலைத் தாண்டும் முன்’. வலப்பக்கம் ‘வாயிலைத் தாண்டிய பின்’. காசு அடிக்கும்போதே விழுந்த பிழை முதல் ஜன்னலுக்கு. ஊருக்குள் போன பிறகு பட்ட அடி, வெட்டு, தேய்ப்பு எல்லாம் இரண்டாவதற்கு. இரண்டாவது ஜன்னலின் முன் வரிசை வாசல்வரை நின்றது. முதல் ஜன்னலின் முன் ஒரு பூந்தொட்டி நின்றது.

நடுவில் இருந்த எழுத்தர் ஒரு படிவத்தை நீட்டினார். முதல் கேள்வி: குறை எப்போது ஏற்பட்டது? வாயிலைத் தாண்டும் முன்னா, பின்னா?

“அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கேன்” என்றார் அளவையாளர்.

“தெரியாம எந்த ஜன்னலுக்கு சார் அனுப்புறது?”

“எனக்குத் தெரியும். நீங்க சொல்லணும்.”

“உங்களுக்கே தெரியும்னா நாங்க எதுக்கு?”

அளவையாளர் ‘முன்’ என்று எழுதிவிட்டுப் பூந்தொட்டியை நோக்கி நடந்தார். அதன் பின்னால் இருந்த அதிகாரி இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இருபத்திரண்டு வருஷமா இந்த ஜன்னல்ல இருக்கேன், ஐயா. ஒரு காசு வந்ததில்ல.”

“இப்ப வந்திருக்கு.”

“அதான் யோசனையா இருக்கு.” படிவத்தை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். “நிலுவையே இல்லாத பிரிவுன்னு மூணு தடவை கேடயம் வாங்கியிருக்கோம். நீங்க என்ன பண்றீங்க, எதிர் ஜன்னல்ல போய் இது பின்னால பட்ட சேதம் இல்லன்னு ஒரு சீட்டு வாங்கிட்டு வாங்க. அப்புறம் பார்ப்போம்.”

எதிர் ஜன்னல் வரிசையில் அளவையாளர் ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றார். அவருக்கு முன்னால் சலவைக் கடைக்காரர் ஒருவர் நின்றார். அவர் கையில் இருந்த காசு விசித்திரமாக இருந்தது. ஓரம் முழுக்க உள்ளே சுருண்டு, கிண்ணம்போலப் பளபளத்தது.

“நம்ம கடைல துணி உலர்த்துற எந்திரம் இருக்குல்ல சார், அதோட இடுக்குல மாட்டிக்கிச்சு. எத்தனை மாசம் உருண்டுச்சோ” என்றார். “யார் பாக்கெட்ல இருந்து விழுந்ததோ தெரியல. என் எந்திரம்தான் கெடுத்துச்சுன்னு எழுதி வாங்கிட்டா மனசுக்கு நிம்மதி. ஏதோ குற்றம்னு சொல்றாங்களே.”

“ஒத்துக்கறதுக்கு வரிசைல நிக்கிறீங்க.”

“ஆமா சார். ஒத்துக்கறதுக்கும் வரிசைதான்.”

ஜன்னலில் இருந்த பெண் அதிகாரி, சேதம் இல்லை என்று எழுதித் தர முடியாது என்றார். “இந்த ஜன்னல்ல சேதம்னுதான் எழுதலாம். சேதம் இல்லன்னு எழுத அதிகாரம் கிடையாது. நீங்க சேதம்னு விண்ணப்பம் போடுங்க. நாங்க நிராகரிச்சா அங்க எடுத்துக்குவாங்க.”

“நிராகரிப்பீங்களா?”

“இதுவரைக்கும் யாரையும் நிராகரிச்சதில்ல, சார். வந்தவங்களை வெறுங்கையோட அனுப்புற பழக்கம் எங்களுக்கு இல்ல.”

*

அடுத்த மூன்று வாரத்தில் அளவையாளர் ஏழு முறை போனார். வீட்டில் அவர் மனைவி ஒவ்வொரு முறையும் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தார். “ஏங்க, நமக்குக் கல்யாணம் பேசுனப்போகூட இத்தனை தடவை எங்க வீட்டுக்கு வரல” என்றார். மகளிடமிருந்து தொலைபேசி வருவது குறைந்தது. வந்தாலும், “அங்க எல்லாரும் நல்லா இருக்காங்கப்பா” என்பதோடு நின்றது.

நான்காவது முறை பரிசோதகர் ஒருவர் காசை லென்ஸுக்கு அடியில் வைத்தார். அளவையாளர் இதற்காகத்தான் காத்திருந்தார். அப்பா சொல்லிக் கேட்டதை, முப்பத்தாறு வருடம் நிலம் அளந்த ஒழுங்கோடு எடுத்துச் சொன்னார்.

“வெட்டினதும் வில்லையை ஒரு பள்ளத்துல உருட்டி ஓரத்தை மேல எழுப்புவாங்க. ரெண்டு பக்கமும் அழுத்தினாத்தான் ஓரம் எழும்பும். கடி இருக்கிற இடத்துல அழுத்த உலோகம் இல்ல. அதனால நேர் எதிர்ப்பக்கமும் ஓரம் சரியா எழும்பாது. இந்தக் காசுல எதிர்ப்பக்கம் பாருங்க, விளிம்பு மங்கலா இருக்கும். முழுக் காசா வெளிய வந்து அப்புறம் கத்தரி வெச்சிருந்தா எதிர் விளிம்பு முழுசா இருக்கும். இவ்வளவுதான். ஒரு நிமிஷ வேலை.”

பரிசோதகர் மரியாதையாகக் கேட்டார். பிறகு கடியை மட்டும் பார்த்தார்.

“எதிர்ப்பக்கம்” என்றார் அளவையாளர்.

“குறை எங்க இருக்கோ அங்கதான் சார் பார்ப்போம். குறை இல்லாத இடத்தைப் பார்க்க விதி இல்ல.”

“அங்கயும் குறை இருக்குன்னுதான் சொல்றேன்.”

“அப்ப அது ரெண்டாவது குறை. ரெண்டாவது குறைக்கு ரெண்டாவது விண்ணப்பம்.”

அளவையாளர் இரண்டாவது விண்ணப்பம் போட்டார். கடி ஒரு அறைக்கும் மங்கிய விளிம்பு வேறொரு அறைக்கும் போயின. காசு ஒன்றுதான் என்பதால் சில நாள் இந்த அறையிலும் சில நாள் அந்த அறையிலும் இருந்தது. முதல் அறை ‘பின்னால் வெட்டப்பட்டது’ என்று எழுதியது. இரண்டாவது அறை ‘புழக்கத்தில் தேய்ந்தது’ என்று எழுதியது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாரும் இல்லையா என்று அளவையாளர் கேட்டார். இரண்டும் வெவ்வேறு தேதியில் வெவ்வேறு அறையில் கண்டுபிடிக்கப்பட்டதால் அவற்றுக்குள் தொடர்பு இல்லை என்று பதில் வந்தது, எழுத்துமூலம்.

நிலத்தகராறுகளில் அண்ணன் தம்பிகள் மண்வெட்டியோடு நின்ற வரப்புகளில் அளவுச் சங்கிலி பிடித்தவர் அவர். அப்போதெல்லாம் வராத தலைவலி அன்று வந்தது. தம்பியின் கடைக்குப் போய் மாத்திரை கேட்டார்.

“அண்ணா, நான் ஒண்ணு கேக்கறேன். எல்லாரும் எங்கப்பா தப்பே செய்யலன்னு சொல்லத்தான் ஆபீஸுக்குப் போவாங்க. நீங்க எங்கப்பா தப்பு செஞ்சார்னு எழுதி வாங்க அலையறீங்க.”

“தப்புக்கும் திருட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவன் மருந்துக்கடை வெச்சிருக்கக் கூடாது” என்றார் அளவையாளர். மாத்திரையை விழுங்கிவிட்டு மேல் விசாரணைக்கு மனுப் போட்டார்.

*

மேல் விசாரணை தலைமை ஆய்வரின் அறையில் நடந்தது. நீண்ட மேசை, ஒரு புகைப்படக்காரர், மூலையில் காசுகளை ரத்து செய்யும் துளை எந்திரம், அதன் அருகே அதை இயக்குபவர். புகைப்படக்காரர் எதற்கு என்று அளவையாளருக்கு விளங்கவில்லை. முதலில் சலவைக் கடைக்காரரைக் கூப்பிட்டார்கள்.

தலைமை ஆய்வர் எழுந்து நின்று பேசினார். பழகிய குரல்.

“பிழையே இல்லையென்றால் பிழைப் பிரிவு எதற்கு என்று இவ்வாண்டுத் தணிக்கையில் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆகவே இவ்வாண்டு ஒரு பிழையை அங்கீகரிப்பது என்று முடிவு செய்து, தகுதியான பிழையைத் தேடினோம். பல காசுகள் பார்வைக்கு நன்றாக இல்லை. இந்தக் காசு எவ்வளவு அழகாகச் சுருண்டிருக்கிறது பாருங்கள். மனிதக் கையால் இப்படிச் செய்ய முடியாது. எந்திரத்தால்தான் முடியும்.”

“ஆமாங்க” என்றார் சலவைக் கடைக்காரர் ஆறுதலாக. “என் கடை எந்திரம்.”

“எந்திரம் என்று அவரே சொல்கிறார். எழுதிக்கொள்ளுங்கள்.”

“ஐயா, துணி உலர்த்துற எந்திரங்க.”

“எந்த எந்திரம் என்பது விவரம். விவரங்களைப் பிறகு இணைத்துக்கொள்ளலாம்.”

சலவைக் கடைக்காரரின் கையில் சான்றிதழைக் கொடுத்துக் கையைக் குலுக்கினார்கள். புகைப்படக்காரர் சிரிக்கச் சொன்னார். சலவைக் கடைக்காரர் அளவையாளரைப் பார்த்த பார்வையில், வழி தவறி வேறு வீட்டு விசேஷத்தில் உட்கார்ந்துவிட்டவனின் தவிப்பு இருந்தது. “சார், நான் ஒத்துக்கத்தான் வந்தேன்” என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

அடுத்தது அளவையாளர். தலைமை ஆய்வர் ஒரு கோப்பைத் திறந்து, முகத்தில் கனிவை வரவழைத்துக்கொண்டார்.

“உங்க தகப்பனாரோட பணிப்பதிவை வரவழைச்சுப் பார்த்தேன். முப்பத்தொரு வருஷம். ஒரு பிழைகூட இல்ல. இப்படிப்பட்ட ஊழியர் மேல, சொந்த மகனே வந்து பழி சுமத்துறது எங்களுக்கு வருத்தமா இருக்கு.”

“பழி இல்லைங்க. அவர் பிசகினார். பிசகினதை அன்னைக்கே எழுதினார். உங்க ஆள் கிழிச்சார்.”

“கிழிச்சதுக்குப் பதிவு இருக்கா?”

“கிழிச்சதுக்கு எப்படிப் பதிவு இருக்கும்?”

“அப்ப நடக்கல.” தலைமை ஆய்வர் மேசைமேல் கையை விரித்தார். “நான் தர்க்கமாச் சொல்றேன். இங்கிருந்து ஒரு பிழை போயிருந்தா நாங்க கண்டுபிடிச்சிருப்போம். கண்டுபிடிக்கல. அதனால போகல. போகாத பிழை உங்க கைல எப்படி இருக்கும்? அதனால இது சேதம். உங்க அப்பா பிழையே செய்யாதவர்னு ஒரு பாராட்டுப் பத்திரம் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தர்றோம். மாட்டிக்கலாம்.”

“சேதம்னா யார் செஞ்சது?”

“அது எங்க வேலை இல்ல. காசு யார்கிட்ட இருந்துச்சோ அவங்க.”

“எங்கப்பாகிட்ட.”

“நான் பேர் சொல்லல” என்றார் தலைமை ஆய்வர்.

பிழை செய்யாதவர் என்று ஒரு சட்டத்தில். வெள்ளி நறுக்கியவர் என்று இன்னொரு தாளில். இரண்டையும் அடுத்தடுத்துச் சுவரில் மாட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். அளவையாளர் பத்திரம் வேண்டாம் என்றார்.

“சரி. சேதமான காசு மறுபடி புழக்கத்துக்குப் போகக் கூடாது. நடுவுல ஒரு துளை போட்டுக் கொடுத்துடுங்க.”

எந்திரம் இயக்குபவர் தயங்கினார். நாற்பது வயதிருக்கும், நகக்கண்ணில் எண்ணெய். காசை எந்திரத்தின் தட்டில் வைத்தார். தட்டில் மூன்று முளைகள் சுற்றிலும் காசைப் பிடித்துக்கொள்ளும். துளை நடுவில் விழும். முழு வட்டமான காசுகளுக்காகச் செய்த தட்டு. இந்தக் காசில் ஒரு முளை நின்ற இடத்தில் கடி இருந்தது. அந்த முளை எதையும் பிடிக்கவில்லை.

“ஐயா, ஒரு பக்கம் பிடிமானம் இல்ல” என்றார் இயக்குபவர்.

“போடுப்பா.”

நெம்புகோல் இறங்கியது. காசு வழுக்கியது. துளை நடுவில் விழவில்லை. கடிக்கு நேர் எதிரே, விளிம்பில் விழுந்தது. அங்கிருந்து ஒரு பிறைத்துண்டு தெறித்து மேசைக் காலடியில் விழுந்தது.

சான்றகத்தில் எவரும் கடியோடு சேர்த்துப் பார்க்காத அந்த மங்கிய விளிம்பு, அப்பாவுக்காக அவர் நம்பியிருந்த சாட்சி, அந்தத் துண்டில் போயிற்று.

அளவையாளர் எழுந்து எந்திரத்தருகே போனார். காசைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தார். இங்கே ஒரு பக்கம் உலோகம் இல்லாததால் பிடிமானம் போய், அதன் விளைவு எதிர்ப்பக்கம் விழுந்திருக்கிறது. மூன்று வாரமாக அவர் வாய் வலிக்கச் சொன்னதை அவர்களுடைய எந்திரம் ஒரு நொடியில் செய்து காட்டிவிட்டது. அறையில் அதைக் கவனித்தவர் அவர் ஒருவர்தான்.

இல்லை, இன்னொருவரும் இருந்தார். இயக்குபவர் எந்திரத்தோடு சங்கிலியில் கட்டியிருந்த பதிவேட்டைத் திறந்து, “என் கை பிசகுங்க. வழுக்கும்னு தெரிஞ்சும் அழுத்திட்டேன்” என்று சொல்லிக்கொண்டே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தலைமை ஆய்வர் குனிந்து, அந்தப் பக்கத்தைச் சுத்தமாகக் கிழித்தார். “எழுதினாத்தான் பிழை. எழுதலன்னா ஒண்ணும் இல்ல” என்று இயக்குபவரிடம் பொறுமையாக விளக்கினார். “உன் நன்மைக்குத்தான்.”

பதிவேடு திறந்தே கிடந்தது. அளவையாளர் குனிந்து பார்த்தார். எழுதிய பக்கம் ஒன்றுகூட இல்லை. ஆனால் முதுகுப் பக்கத்தில், தையலை ஒட்டி, கிழித்த தாள்களின் ஓரங்கள் விரற்கடை உயரத்துக்கு அடுக்கடுக்காக நின்றன. அளந்து பழகிய கண். தொண்ணூறுக்குக் குறையாது. தொண்ணூறு பேர், அல்லது ஒரே ஆள் தொண்ணூறு முறை, தன் பிசகைத் தானே எழுதியிருக்கிறார்கள். அப்பா காலத்துப் பதிவேடு எங்கே என்று அவர் கேட்கவில்லை. அதன் முதுகு எப்படி இருக்கும் என்று தெரிந்துவிட்டது.

நிமிர்ந்தார். “ஒரே ஒரு கேள்வி. இந்த ரெண்டாவது கடி, வாயிலைத் தாண்டும் முன்னா, பின்னா?”

புகைப்படக்காரர் கேமராவைப் பைக்குள் வைத்தார்.

“சொல்லுங்க. உங்க மதிலுக்குள்ள, உங்க எந்திரத்துல, உங்க கண் முன்னால விழுந்தது. முன்னா, பின்னா?”

தலைமை ஆய்வர் சிறிது நேரம் தர்க்கமாக யோசித்தார். “நீங்க முதல்ல வாயிலைத் தாண்டுங்க” என்றார். “அப்புறம் சொல்றோம்.”

*

காவலாளி காசை வாங்கி வெயிலில் பிடித்தார். பிறகு அளவையாளரின் முகத்தைப் பார்த்தார்.

“சார், போறப்ப ஒண்ணுதானே இருந்துச்சு?”

“ஆமா.”

“வர்றப்ப ரெண்டு இருக்கு. என்ன, உள்ள எல்லாரும் பசியோட இருக்காங்களா?”

“எழுதுங்க.”

எழுதினார்: காசு ஒன்று. கடி இரண்டு. தேதி போட்டு, நேரம் போட்டு, முத்திரை வைத்துச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அளவையாளர் நின்ற இடத்திலேயே அந்தச் சீட்டை இரண்டு முறை படித்தார். பிறகு நான்காக மடித்துக் கண்ணாடிக் கூட்டில், காசுக்கு அடியில் வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் மூலம் சம்பந்தியை வரச்சொன்னார். மன்னிப்புக் கேட்பதா வேண்டாமா என்று முடிவு செய்யாத முகத்தோடு சம்பந்தி வந்து உட்கார்ந்தார். அளவையாளர் அவர் முன் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, காசையும் லென்ஸையும் காவலாளியின் இரண்டு சீட்டுகளையும் வைத்தார்.

“சான்று கிடைச்சுதா?” என்றார் சம்பந்தி.

“இல்ல. சேதம்னுதான் எழுதினாங்க. நீங்களே பாருங்க. காசு விஷயத்துல உங்க கண்ணு பொய் சொல்லாதுன்னீங்க. உங்க கண்ணைத்தான் நம்பி வெச்சிருக்கேன்.”

“இதென்ன ரெண்டு கடி?”

“சீட்டு ரெண்டையும் படிங்க. போறப்ப ஒண்ணு, வர்றப்ப ரெண்டு. ரெண்டாவது கடி, அச்சு விழுந்து முடிஞ்ச எழுத்து மேல போன வாரம் வெட்டினது. எது எதுன்னு நான் சொல்ல மாட்டேன்.”

சம்பந்தி லென்ஸை எடுத்தார். முப்பது வருடம் காசைத் தொட்ட விரல்கள் காசைத் தானாகச் சுழற்றின. ஒரு கடியில் எழுத்துகள் கத்திபட்டதுபோல நறுக்கென்று அறுந்து நின்றன. அடியில் பிசிர் நகத்தில் இடறியது. மற்ற கடியின் ஓரத்தில் பிசிர் இல்லை. அங்கே எழுத்துகள் அறுபடவும் இல்லை; கடியை நெருங்க நெருங்க மெலிந்து, அதன் பக்கமாகச் சாய்ந்து ஓடியிருந்தன. அச்சு விழுந்தபோதே அந்த இடம் காலியாக இருந்தால்தான் உலோகம் அப்படி ஓடும். சம்பந்தி காசைத் திருப்பினார். மறுபடி திருப்பினார்.

“இது வெட்டு” என்றார் சம்பந்தி, புதிய கடியைத் தொட்டு. பழைய கடியின் மேல் விரலை வைத்து, எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். “இது கடிபட்ட பிறகு அடிச்ச காசு. முப்பது வருஷம் கவுன்டர்ல இருந்தும் நான் பக்கத்துல வெச்சுப் பார்த்ததில்ல.”

லென்ஸைக் கீழே வைத்தார்.

“சம்பந்தி, அன்னைக்கு நான் அந்த வார்த்தை சொன்னப்போ இங்க யார் யார் இருந்தாங்க?”

அளவையாளர் வரிசையாகச் சொன்னார், சுவரில் இருந்தவரையும் சேர்த்து. இப்போது மருமகன் மாடியில் இருந்தார். மனைவி அடுக்களையில் இருந்தார்.

“எல்லாரையும் கூப்பிடுங்க” என்று சம்பந்தி எழுந்து நின்றார். படத்துக்கு முன்னால் நிற்கும்போது அவரும் நேராகத்தான் நின்றார்.

அந்த வருடம் அளவையாளருக்குச் சான்றகம் கடைசியில் சான்றிதழ் கொடுத்துவிட்டது என்று உறவினர் நடுவே ஒரு பேச்சு இருக்கிறது. கொடுக்கவில்லை. சான்றிதழ் வாங்கியவர் சலவைக் கடைக்காரர். அதைத் திருப்பிக் கொடுப்பதற்காக இன்றும் வரிசையில் நிற்கிறார்.